ஆத்தி சூடிய இருவர்

புறநானூற்றின் 45-ஆம் பாட்டை அறியாத தமிழாசிரியர் நம்மிடையே அரியர். சோழன் நலங்கிள்ளி உறையூரை முற்றுகையிட்டு நிற்கிறான். கோட்டைக் கதவை அடைத்துக்கொண்டு நெடுங்கிள்ளி உள்ளே இருக்கிறான். இருவரும் சோழர். கோவூர் கிழார் அவ்விருவருக்கும் நடுவே நின்று பேசுகிறார். எதிரே நிற்பவன் பனம்பூச் சூடிய சேரனும் அல்லன், வேப்பம்பூச் சூடிய பாண்டியனும் அல்லன். இவன் தலையிலும் ஆத்தி, அவன் தலையிலும் ஆத்தி. எவன் தோற்றாலும் தோற்பது ஒரே குடி. இருவரும் வெல்வது என்பதோ இயற்கையில் இல்லை. ஆகவே இப்போர் குடிக்குத் தகாது. அயல் வேந்தருக்கே இது மகிழ்ச்சி தரும். புலவர் கூறுவது இவ்வளவே.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நான் இப்பாட்டைப் பயின்றபோது, ‘இப்பாட்டு உணர்த்தும் கருத்து யாது?’ என்ற வினாவுக்கு ‘ஒற்றுமை’ என்று ஒரு சொல்லில் விடை எழுதினேன். முழு மதிப்பெண்ணும் பெற்றேன். பின்னர் நெடுங்காலம் அவ்வாறே பிறருக்கும் சொல்லிவந்தேன். அவ்விடை பிழையன்று, ஆயினும் போதாது. இதனை எனக்கு உணர்த்தியது உரைநூல் எதுவும் அன்று, காற்பந்து. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சிடுகிறேன் என்று அன்பர்கள் எண்ணலாம். சற்றுப் பொறுத்துக் கேட்க வேண்டுகிறேன்.

2024 டிசம்பர் 20-ஆம் நாள் புக்கிட் ஜாலில் அரங்கில் மலேசியாவும் சிங்கப்பூரும் ஆசியான் கோப்பைக்காக மோதின. ஆட்டம் கோலின்றி முடிந்தது. ஆயினும் புள்ளிக் கணக்கில் சிங்கப்பூர் அரையிறுதிக்குச் சென்றது, மலேசியா வெளியேறியது. விடுமுறை கழிந்து பள்ளி திறந்ததும் மாணவர்கள் அதனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். சிங்கப்பூரைக் குறித்துச் சிலர் கூறிய சொற்கள் இங்கு எழுதத் தக்கவை அல்ல. அவர்களுள் ஒரு சிறுவன் மட்டும் வாய் திறவாமல் இருந்தான். ஏன் என்று கேட்டேன். “எங்கப்பா அங்கதான் சார் வேலை செய்றாரு. தினமும் பாலம் தாண்டிப் போய்ட்டு வராரு. அவங்களைத் திட்டினா அப்பாவையும் திட்டுற மாதிரி இருக்கு” என்றான். நான் எழுதிய ஒரு சொல் விடையை அச்சிறுவன்முன் வைக்க எனக்கு நாணமாக இருந்தது. அவனுக்கு ஒற்றுமையைப் போதிக்க வேண்டிய தேவை இல்லை. இரண்டு பக்கத்துக்கும் உரியவனாய் இருப்பது எப்படி என்பதே அவன் வினா.

ஒரே கோப்பை, இரண்டு நாடு

ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் இடையில் உள்ள நீரிணையின்மேல் 1924-இல் முறைப்படி திறக்கப்பட்ட பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே அதிகம். பாலம் வருவதற்கு முன்பே காற்பந்து இரு கரைகளையும் இணைத்துவிட்டது. ‘மலாயா’ என்னும் பெயர் கொண்ட பிரிட்டிஷ் போர்க்கப்பலின் மாலுமிகள் வழங்கிய கோப்பைக்காக 1921-இல் தொடங்கிய போட்டியில் முதற்பரிசைப் பெற்றது சிங்கப்பூர், தோற்றது சிலாங்கூர். 1965-இல் சிங்கப்பூர் தனி நாடாயிற்று. அந்த 1965-ஆம் ஆண்டிலும் அக்கோப்பையை வென்றது சிங்கப்பூரே என்பதை இன்றைய இளைஞர் அறியார்.

பிரிந்த பின்னும் சிங்கப்பூர் இப்போட்டியை முற்றாகக் கைவிடவில்லை. இடையிடையே விலகி நின்ற ஆண்டுகள் உண்டு. ஆயினும் 1975 முதல் 1981 வரை ஏழு ஆண்டுகள் தொடர்ந்து இறுதியாட்டத்தில் நின்று, 1977-இலும் 1980-இலும் வென்றது. கடைசியாக 1994-இல் ஷா ஆலாம் அரங்கில் பகாங்கை 4-0 என வென்று, தன் 24-ஆவது வெற்றியோடு, மறு ஆண்டில் விலகியது. இரண்டு நாட்டுக் கொடிகளின்கீழ் வாழ்ந்தவர்கள் ஒரே கோப்பைக்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் போட்டியிட்டனர் என்பது உலகில் எளிதில் காணக்கூடிய செய்தி அன்று.

இதற்கு நேர்மாறான காட்சியை நம்மை ஆண்டவர்களின் நாட்டில் காணலாம். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் 1707 முதல் ஒரே அரசின்கீழ் இருப்பவை. எனினும் காற்பந்தில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து என நான்கு அணிகள். இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் இடையே 1872-இல் கிளாஸ்கோ நகரில் நடைபெற்ற ஆட்டமே உலகின் முதல் அதிகாரபூர்வ அனைத்துலக ஆட்டம். அதுவும் கோலின்றியே முடிந்தது. பின்னர் 1884 முதல் 1984 வரை, போர்க்காலங்கள் நீங்கலாக, அந்நான்கு அணிகளும் ஆண்டுதோறும் தமக்குள் பொருதன. நூறாம் ஆண்டில் அப்போட்டி நிறுத்தப்பட்டது. அங்கே ஒரே நாடு, நான்கு அணி. இங்கே இரண்டு நாடு, ஒரே கோப்பை. இரண்டிலும் கேள்வி ஒன்றே: என்னோடு மோதுகின்றவன் எனக்கு யார்?

பங்காளி என்னும் சொல்

இக்கேள்விக்குத் தமிழில் ஒரு சொல்லே விடையாக இருக்கிறது. ‘பங்காளி’ என்கிறோம். பங்கினை உடையவன் பங்காளி. ஒரே பாட்டன் சொத்தில் பங்கு இருப்பதால் அவன் உறவினன். அதே பங்கு இருப்பதால்தான் அவனோடு வழக்கும் வருகிறது. உறவும் போட்டியும் ஒரே சொல்லுக்குள் குடியிருக்கின்றன. முகமறியாதவனோடு எவரும் வரப்புச் சண்டை இடுவதில்லை.

என் வீட்டிலேயே இதற்குச் சான்று உண்டு. என் தந்தையார் குளுவாங் வட்டாரத் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டியவர். அவருடைய தம்பி, என் சித்தப்பா, 1965-க்கு முன்பே செம்பவாங் கடற்படைத் தளத்துக்கு வேலைக்குச் சென்றவர். அன்று அது ஊர் மாற்றம். நாடு மாற்றம் அன்று. பின்னர் அண்ணன் மலேசியர் ஆனார். தம்பி சிங்கப்பூரர் ஆனார். அவ்விருவருக்கும் ஆண்டுதோறும் ஒரு பந்தயம். சிங்கப்பூர் கோப்பையை வென்றால், பொங்கலுக்கு மறுநாள் விருந்துக்கான ஆட்டிறைச்சியை அண்ணன் வாங்க வேண்டும். வேறு எவர் வென்றாலும் தம்பி வாங்க வேண்டும். 1980-இல் சிங்கப்பூர் வென்றபோது எங்கள் லயத்து வீட்டில் என் தந்தையார் முகம் சுளித்துக்கொண்டே பணம் எண்ணியதும், சித்தப்பா ஊர் கேட்கச் சிரித்ததும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 1985-இலும் 1991-இலும் ஜொகூரே கோப்பையை வென்றது. அவ்விரண்டு முறையும் தந்தையாரின் சிரிப்பு பிரட்டுக் களம்வரை கேட்டிருக்கும்.

1994-ஆம் ஆண்டு வெற்றிக்குப் பின் சிங்கப்பூர் விலகிற்று. 1996 பொங்கலுக்குச் சித்தப்பா வழக்கம்போல் வந்தார். கையில் இறைச்சிப் பை இருந்தது. “இந்த வருஷம் யார் வாங்கணும்னு தெரியலண்ணே, நானே வாங்கிட்டு வந்துட்டேன்” என்றார். தந்தையார் மறுமொழி கூறவில்லை. அன்று விருந்து குறைவற நடந்தது, பேச்சுத்தான் குறைந்தது. ஆட்டம் நின்றதால் உறவு அறுந்தது என்று நான் கூறமாட்டேன். வயதும் தூரமும் பிற காரணங்களும் உண்டு. ஆனால் சண்டையிட ஒரு பொருள் இருந்தவரை, அவர்கள் ஒருவரையொருவர் நினைக்க ஒரு காரணமும் இருந்தது. அதனை அன்றுதான் உணர்ந்தேன்.

பாட்டின் கணக்கு

இனி மீண்டும் பாட்டுக்கு வருவோம். கோவூர் கிழார் இருவருள் எவர் பக்கம் நியாயம் என்று ஆராயவில்லை. அன்பு, பாசம் என்று ஒரு சொல்லும் கூறவில்லை. அவர் செய்வது ஒரு கணக்கு. ஒருவர் தோற்றால் குடி தோற்கும். இருவரும் வெல்ல இயலாது. ஆகவே போர் வேண்டா. இக்கணக்கில் பிழை இல்லை, தோல்வி இறுதியானதாக இருக்கும்வரை. உறையூர் ஒன்றே, அரியணையும் ஒன்றே. இழந்தவனுக்கு அடுத்த ஆண்டு என்று ஒன்று கிடையாது. புலவர் பேசிய பின் என்ன நடந்தது என்பதைப் பாட்டு கூறவில்லை. ஆனால் நெடுங்கிள்ளி ‘காரியாற்றுத் துஞ்சிய நெடுங்கிள்ளி’ என்றே வழங்கப்படுகிறான். காரியாறு என்னும் இடத்தில் இறந்தவன் என்பது பெயரிலேயே நிற்கிறது.

விளையாட்டு இக்கணக்கை மாற்றுகிறது. ஆடுகளத்தில் தோற்றவன் அழிவதில்லை. அடுத்த பருவத்தில் மீண்டும் வருகிறான். இன்று தோற்ற பக்கத்துக்கே அவன் நாளை ஆடவும் கூடும். சிங்கப்பூரின் பண்டி அகமது 1992-இல் பகாங் அணிக்காக ஆடிக் கோப்பையை வென்றவர். இரண்டே ஆண்டுகளில் சிங்கப்பூர் அணித்தலைவராக அதே பகாங்கைத் தோற்கடித்தார். 2013-இல் ஜொகூர் டாருல் தாக்சிம் அணிக்குப் பயிற்றுநராகவும் இருந்தார். சிங்கப்பூர்த் தேசிய அணியின் ஹாரிஸ் ஹாருன் 2014 முதல் ஏழாண்டுக் காலம் அதே ஜொகூர் அணிக்கு ஆடினார். அவ்வணி 2015-இல் ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பின் கோப்பையை வென்றபோது அவரும் அதில் இருந்தார். இவரை ஜொகூர்க்காரர் என்போமா, சிங்கப்பூரர் என்போமா? திடலில் கை தட்டியவர்கள் அப்படி ஒரு கேள்வி இருப்பதாகவே நினைக்கவில்லை.

தமிழராகிய நமக்கு இதில் இன்னும் ஒரு முடிச்சு உண்டு. எழுபதுகளில் சிலாங்கூருக்கும் மலேசியாவுக்கும் கோல் காத்தவர் ஆர். ஆறுமுகம். 1977-இல் வென்ற சிங்கப்பூர் அணியில் ஆடியவர் எஸ். ராஜகோபால். தோட்டத்து மக்கள் இருவரையும் தம்மவராகவே கொண்டாடினர். 2012 முதல் 2015 வரை சிங்கப்பூரின் லயன்ஸ் 12 அணி மலேசியப் போட்டிகளுக்குத் திரும்பி வந்தது. 2013-இல் அதனைப் பயிற்றுவித்து மலேசிய லீக் கிண்ணத்தை வெல்லச் செய்தவர் வி. சுந்தரமூர்த்தி. அப்போது என் தந்தையார் இல்லை. இருந்திருந்தால், பணம் எண்ணும்போதும் ‘நம்ம பையன்தான்’ என்று சொல்லியிருப்பார். தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பது நம் முன்னோர் கண்ட உண்மை.

மாலை வேறு, இருக்கை ஒன்று

எனினும் இன்னும் ஒரு தடை இருக்கிறது. ‘இருவரும் ஆத்தியே சூடியுள்ளனர்’ என்ற வாதம் இன்றைய மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் பொருந்துமா? 1965-க்கு முன் பொருந்தியது. இன்று கொடி வேறு, நாணயம் வேறு, பள்ளிப் பிள்ளைகள் காலையில் பாடும் நாட்டுப்பண் வேறு. இருவரும் ஒருவரே என்று இன்று பேசினால் இரு பக்கத்தாருக்கும் அது உவப்பாக இராது. பிரிட்டனிலும் இதே நிலைதான். 1966-இல் உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் இங்கிலாந்து இரசிகர்கள் அசைத்தது பெரும்பாலும் முழு பிரிட்டனின் கொடி. 1996-இல் ஸ்காட்லாந்தை எதிர்கொண்டபோது அரங்கில் நிறைந்திருந்தது இங்கிலாந்தின் செயின்ட் ஜார்ஜ் சிலுவைக் கொடி. 2012 ஒலிம்பிக்கில் பிரிட்டன் என்ற ஒரே பெயரில் ஆடிய ஆடவர் காற்பந்து அணியில் ஆங்கிலேயரும் வேல்ஸ் நாட்டவரும் மட்டுமே இருந்தனர். பழைய பொது மாலை வாடிவருகிறது. தனி மாலைகள் தளிர்க்கின்றன. இந்நிலையில் 45-ஆம் பாட்டை மட்டும் ஓதுவது பயன் தராது.

அதனால்தான் 58-ஆம் பாட்டையும் உடன்வைத்துப் படிக்க வேண்டும் என்கிறேன். அங்கே காவிரிப்பூம்பட்டினத்துக் காரிக்கண்ணனார், சோழன் திருமாவளவனும் பாண்டியன் பெருவழுதியும் ஒருங்கே வீற்றிருக்கக் கண்டு பாடுகிறார். இவர்கள் ஒரே மாலை சூடியவர் அல்லர். ஒருவன் ஆத்தி, மற்றவன் வேம்பு. புலவர் எவரையும் மாலையைக் கழற்றச் சொல்லவில்லை. புலியைக் கயலாக்கவும் இல்லை. இருவரும் வேறுவேறாய் இருந்துகொண்டே இணைந்திருப்பதை வாழ்த்துகிறார். 45-இல் ஒரே மாலை அணிந்தோர் பிரிந்து நிற்கின்றனர். 58-இல் வேறு மாலை அணிந்தோர் சேர்ந்து இருக்கின்றனர். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஒற்றுமை என்பது ஒன்றாகிப் போதல் அன்று என்பது விளங்கும். நம் தேர்வு விடைகளில் விடுபட்டுப்போனது இதுவே.

ஆயினும் 58-ஆம் பாட்டிலும் ஒரு குறையை நான் மறைக்க விரும்பவில்லை. புலியும் கயலும் சேர்த்துப் பொறிக்கப்பட வேண்டும் என்று புலவர் வாழ்த்துவது பிறர் நாட்டு மலைகளில். 45-ஆம் பாட்டிலும் அயல் வேந்தரின் மகிழ்ச்சியைச் சுட்டியே சண்டையைத் தடுக்கிறார் கோவூர் கிழார். இரண்டிலும் உறவை நினைவூட்ட மூன்றாவது ஒருவன் தேவைப்படுகிறான். ரக்பி ஆட்டத்திலும் இதனைக் காணலாம். ஆண்டுதோறும் தமக்குள் முட்டி மோதும் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து வீரர்கள் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை ‘லயன்ஸ்’ என்ற ஒரே அணியாகத் தொலைநாடுகளுக்குச் செல்கின்றனர். அயர்லாந்துக் குடியரசு தனி நாடாகியும் அவ்வழக்கம் நிற்கவில்லை. அழகிய ஏற்பாடுதான். ஆனால் எதிரி ஒருவன் இருந்தால்தான் பங்காளிகள் சேர்வார்கள் என்றால், அது சேர்க்கையா, சூழ்ச்சியா?

தித்தன் காண வேண்டும்

இதற்கு விடையும் புறநானூற்றிலேயே உண்டு. 80-ஆம் பாட்டில் சாத்தந்தையார், போர்வைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு செய்த மற்போரைப் பாடுகிறார். இக்கிள்ளி தன் தந்தையாகிய தித்தனோடு பகை கொண்டு பிரிந்து வாழ்ந்தவன். மல்லன் மார்பில் ஒரு முழந்தாளை ஊன்றி, மறுகாலால் அவன் முதுகை வளைத்து, பசித்த யானை மூங்கிலை முறிக்க முயல்வதுபோல் அவனை அடக்குகிறான். அப்போது புலவர் மல்லனின் தோல்வியைக் கண்டு எள்ளவில்லை. மாறாக, தித்தன் இதனை விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் வந்து காணட்டும் என்கிறார்.

இந்த ஓர் ஆசைக்காகவே அப்பாட்டை நான் உயர்ந்ததாகக் கருதுகிறேன். மகனை மன்னித்துவிடு என்று புலவர் தந்தையிடம் கேட்கவில்லை. இருவரும் ஒன்று என்றும் சொல்லவில்லை. மூன்றாம் பகைவனைக் காட்டி அச்சுறுத்தவும் இல்லை. பிரிந்துபோனவனின் திறமையைப் பிரிந்து நிற்பவன் கண்ணால் காண வேண்டும், அவ்வளவே. ஆடுகளம் செய்யக்கூடியதும் அவ்வளவே. அது பகையைத் தீர்ப்பதில்லை. ஆனால் பகைத்தவர் ஒருவரையொருவர் பார்க்கும் இடமாக இருக்கிறது. 1996 பொங்கலன்று எங்கள் வீட்டில் இல்லாமற்போனது அந்த இடந்தான்.

இனி ஆசிரிய நண்பர்களுக்கும் செய்தித்தாள் எழுதுவோர்க்கும் ஒரு வேண்டுகோள். விளையாட்டுச் செய்திகளில் ‘துவம்சம் செய்தது’, ‘பழி தீர்த்தது’, ‘மண்ணைக் கவ்வ வைத்தது’ என்னும் சொற்களே மிகுந்து வருகின்றன. அவற்றைப் படித்த பிள்ளைகள் அவற்றையே வகுப்பில் பேசுகின்றனர். நம் இலக்கணத்தில் வெற்றிக்கு வாகை என்று பெயர். தொல்காப்பியர் வாகையைப் போர்க்களத்துக்கு மட்டும் உரியதாக வைக்கவில்லை. அவரவர் தத்தம் தொழிலிலும் திறத்திலும் குற்றமற்ற நெறியில் மேம்படுவதே வாகை என்கிறார். பொருநரையும் அதனுள் அடக்குகிறார். அந்த வாகைக்கு உரிய திணையாக அகத்தில் அவர் வைத்தது பாலை, அதாவது பிரிவு. வென்றவன் மாலையின் பின்னால் ஒரு பிரிவு இருக்கிறது என்பதை நம் முன்னோர் மறக்கவில்லை. நாமும் மறவாதிருப்போமாக.

அந்தச் சிறுவனுக்கு நான் சொன்ன விடை இது: “நம்ம அணிக்குக் கை தட்டு, தம்பி. அவங்க நல்லா ஆடினா அதையும் பார்த்துட்டு வா. ராத்திரி அப்பா வந்ததும் அவர்கிட்ட சொல்லு.” மறுநாள் அவன் வந்து, “சொன்னேன் சார். அப்பாவும் நானும் ரொம்ப நேரம் சண்டை போட்டோம்” என்றான். அவன் முகத்தில் மகிழ்ச்சி இருந்தது.